அறிவிக்கப்பட்டது, நன்றி

"இந்த மணிச் சத்தம் யாருக்குப் போகுதுன்னு எனக்குக் காட்டுங்க சார்."

கூட்ட அறையில் இதை நான் சத்தமாகத்தான் சொன்னேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சம்பள உயர்வு கேட்கலாம், கிடைக்காது. லீவு கேட்கலாம், அதுவும் கிடைக்காது. ஆனால் ஓர் அறிவிப்பின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது, வந்த விருந்தாளியிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கிற மாதிரி. எல்லோருக்கும் அந்தக் கேள்வி மனசில் இருக்கும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள். இயக்குநர் மட்டும் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நோய் முற்றியவரைப் பார்க்கிற டாக்டர் மாதிரி, தலையைச் சாய்த்துப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவர் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன்னால் எங்கள் வாரியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். கூட்டிச் சொல்லத் தெம்பில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வாரியத்தின் வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே இருப்பவர் மணியை அழுத்துவார். அது எங்கள் கணினிக்கு வரும். கணினி மெக்கானிக்கிடம் சொல்லும். மெக்கானிக் போய்த் திறந்துவிடுவார். ஒரு வாரியம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இவ்வளவு சுலபமான வேலையை வைத்துக்கொண்டு இத்தனை அதிகாரிகள் எப்படிப் பொழுதைக் கழிப்பது என்ற கவலையில்தான் எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும்.

நாங்கள் கணினிக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதும் மொழியில் ஒரு சின்ன நிரல்தொகுதி உண்டு. ஒரு நிரலில் ஏதாவது நடந்தால், 'இது நடந்தது' என்று அது பொதுவாக அறிவித்துவிடும். அந்தச் செய்தி எந்த நிரலுக்குத் தேவையோ, அது முன்கூட்டியே பதிந்துவைத்துக் காத்திருக்கும். அப்படிப் பதிந்துவைப்பதைச் செவி வைப்பது என்போம். அறிவிக்கிற நிரலுக்குச் செவி வைத்தது யாரென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நாளைக்கு இன்னொரு செவியைச் சேர்க்கலாம், இருப்பதை எடுக்கலாம். அறிவிக்கிற பக்கம் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

காலேஜில் இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் யார் காலையாவது பிடிக்க வேண்டும், இன்னார் அனுப்பினார் என்று யார் பேரையாவது சொல்ல வேண்டும். யாரையும் தெரியாமலேயே, நடந்ததை நடந்தது என்று சொன்னாலே போதும், காரியம் ஆகிவிடும் என்று ஓர் ஏற்பாடு உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குச் சமத்துவம் மாதிரி தெரிந்தது. இப்போதும் அந்த நிரல்தொகுதி மேல் எனக்குக் கோபமில்லை. அதை எழுதியவர்கள் நல்லவர்கள்.

இயக்குநருக்கும் அது பிடித்திருந்தது. அதுதான் வினை.

சில வருடங்களுக்கு முன் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது. காலையில் அறிவிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் செவி வைப்பது எப்படி. இயக்குநர் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார். பாதி நாளில் அவருக்கு முழு ஞானமும் வந்துவிட்டது. மறுநாளே வாரியத்தின் மொத்த நிர்வாகத்தையும் அதே முறைக்கு மாற்றி உத்தரவு போட்டார். ஒருவர் இன்னொருவரைப் பேர் சொல்லி நேராகக் கூப்பிட்டால் அதற்குப் 'பிணைப்பு' என்று பேர். பிணைப்பு குற்றம். மேசைத் தொலைபேசிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சுவரெல்லாம் 'பிணைப்பே பிழை' என்று எழுதி ஒட்டினார்கள். எதைச் சொல்ல வேண்டுமானாலும் கணினியில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஒரு பச்சை விளக்கு எரியும். 'அறிவிக்கப்பட்டது, நன்றி' என்று வரும். அதோடு உங்கள் கடமை முடிந்தது. அதற்கப்புறம் மனதை அலட்டிக்கொண்டால் அது உங்கள் வளர்ப்புக் கோளாறு.

நான் சேர்ந்த புதிதில் 'டீ வேண்டும்' என்று அறிவித்தேன். அந்த அறிவிப்புக்கு மட்டும் ஒவ்வொரு மாடியிலும் ஒரு செவி இருந்திருக்கிறது. மாடிக்கு ஒரு டீ வந்தது. மேசையில் இடமில்லாமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். 'போதும்' என்று அறிவித்தேன். அதற்குச் செவி இல்லை.

எங்கள் வரிசையின் கடைசியில் வெள்ளைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பணி ஓய்வு பெற்றவர். தன் ஓய்வை முறைப்படி அறிவித்தார், பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் பணியிலிருந்து விடுவிக்க யாரும் வரவில்லை. விடுவிக்காமல் போனால் ஓடிப்போனதாக ஆகிவிடும் என்று பயந்து தினமும் வருகிறார். "பேரனுக்குக் கல்யாணம்மா, ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போகணும்" என்பார். ஓய்வு பெற்றவருக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

ஒருமுறை இரண்டு பிரிவுகள், மற்றதில் கூட்டம் நடந்தால் அதைப் பற்றிக் கூட்டம் நடத்துவது என்று செவி வைத்துவிட்டன. இந்தக் கூட்டம் முடிந்தது என்று அறிவித்தால் அந்தப் பிரிவு கூடும். அது முடிந்தால் இது கூடும். கரண்ட் போகும்வரை நடந்தது. கரண்ட் வந்த பிறகு, கரண்ட் போனது பற்றிக் கூடினார்கள்.

எல்லா அறிவிப்புகளும் இப்படி என்று சொல்ல முடியாது. 'இயக்குநர் வருகிறார்' என்ற அறிவிப்பு பழுதில்லாமல் வேலை செய்யும். கேட் திறக்கும். அவர் அறையில் ஏசி ஓடும். எங்கள் கட்டடத்து லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த லிஃப்ட் ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை. ஆக, இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வீட்டில் சொல்வேன். அம்மாவும் சிரிப்பாள். போன வாரம் அவள் சொன்னதற்குத்தான் என்னால் சிரிக்க முடியவில்லை.

அம்மா நாலாம் பிளாக்கில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மாடி மாடியாகக் கூட்டித் துடைக்க வேண்டும். அன்றைக்கு வாளியும் துடைப்பமுமாக லிஃப்ட்டில் ஏறியவள், இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. வாயில் வைத்து அடிக்கிற பம்பு கீழே பையில் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது உதடு வெளுத்திருந்தது. ஆனால் கதை சொல்லத் தயாராக வந்தாள்.

"உங்க ஆபீஸ் ரொம்ப மரியாதைப்பட்டதுடி. ஒவ்வொரு தடவை மணியை அமுக்கும்போதும் பச்சை லைட்டைப் போட்டு நன்றி சொல்லுச்சு. என் ஆயுசுல எனக்கு யாரும் இத்தனை நன்றி சொன்னதில்ல."

"எவ்ளோ நேரம்மா உள்ள இருந்த?"

"சாப்பிட்டுட்டு ஏறினேன். சாயங்காலம் கரண்ட் போயிட்டு வந்துச்சு பாரு, அப்போ அதுவா இறங்கிடுச்சு."

"கத்தி யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே?"

"எதுக்குக் கத்தணும்? அறிவிச்சாச்சுன்னு அதுவே சொல்லுதே. எம் பொண்ணு இருக்கிற ஆபீசு, எப்படியும் ஆள் வரும்னு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன். கத்தினா இழுப்பு வேற கூடும்." மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "நான் அடிச்சது உங்க பக்கம் வந்துச்சாடி?" என்றாள்.

"வந்திருக்கும்மா."

"அப்போ சரி" என்றாள். வந்தாலே போதும் என்பது மாதிரி.

"நாளைக்கும் அந்த லிஃப்ட்லதான் போவியா?"

"பின்ன? தண்ணி வாளியைத் தூக்கிட்டு ஏழு மாடி ஏறினா, மணி அடிக்கக்கூட நான் இருக்க மாட்டேன்."

மறுநாள் ஒரு புதுப் பம்பு வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவள் பையில் ஒன்று இருக்கிறது. அது கீழேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'நாலாம் பிளாக் மணிக்கு ஆள் வரவில்லை' என்று அறிவித்தேன். நன்றி வந்தது. மறுபடி அறிவித்தேன். மறுபடி நன்றி. அம்மா சொன்னது சரிதான், ரொம்ப மரியாதை.

அதன்பிறகு மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். அவர் எங்கள் கட்டடத்திலேயேதான், கீழ்த்தளத்தில் இருக்கிறார். கதவைத் தட்டியபோது கருவிப் பெட்டிகள் மேல் காலை நீட்டிக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் 'பழுதே இல்லாத சேவை'க்காக அவருக்குக் கொடுத்த கேடயம் தொங்கியது.

"அண்ணே, லிஃப்ட்டு நின்னா நீங்கதானே போகணும்?"

"நானேதான். மணி வந்தா பறந்துடுவேன்."

"கடைசியா எப்போ பறந்தீங்க?"

யோசித்தார். "இந்த மணி ஏற்பாட்டோட திறப்பு விழா அன்னைக்கு. அதுக்கப்புறம் மணியே அடிக்கல. நம்ம லிஃப்ட்டுங்க அப்படி! என்ன மெஷினு போ!"

அம்மா கதையைச் சொன்னேன். அவர் காலை இறக்கிவிட்டு ரேடியோவை அணைத்தார். கொஞ்ச நேரம் கேடயத்தைப் பார்த்தார்.

"நிஜமாவா சொல்ற?"

"நீங்க ஒரு நடை நாலாம் பிளாக்குப் போய் அந்த லிஃப்ட்டைப் பாருங்கண்ணே."

"அறிவிப்பு இல்லாம எப்படிம்மா போறது? பிணைப்பாயிடும். எனக்கு முன்னால இருந்தவரு பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டான்னு போய்த் திறந்துட்டு வந்தாரு. வேலை போச்சு. தவிர சாவி ஏது? லிஃப்ட்டுக் கதவை வெளியிலேருந்து திறக்கிற சாவியை அன்னைக்கே மேல கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்களே." மறுபடி கேடயத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்போ இது எதுக்குக் குடுத்தாங்க?" என்றார்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியை எல்லோருக்கும் தெரியும். வரவேற்பறையில், விளக்குப் போட்டு, சிவப்பு வெல்வெட்டில் ஒரு முக்கோண முனைச் சாவி. அதற்கு மேலே பெரிய புகைப்படம்: லிஃப்ட்டின் உள்ளே இயக்குநர் மீட்கப்பட்டவராகச் சிரிக்கிறார், வெளியே மெக்கானிக் சாவியோடு வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். 'முதல் மீட்பு' என்று கீழே எழுதியிருக்கும்.

என் பக்கத்து சீட்டில் இருப்பவரை அக்கா என்று கூப்பிடுவேன். ரொம்ப வருடமாக இருக்கிறவர். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் அவரிடம் கேட்டேன். ஆபீசுக்குள் பேசினால் பிணைப்பு.

"அக்கா, அந்த மணிக்கு யார்தான் செவி வெச்சிருக்காங்க?"

"யாரும் இல்ல."

"இல்லாமயே போச்சா, இருந்து போச்சா?"

அக்கா பஸ் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"இருந்துச்சு. நான்தான் எழுதினேன். திறப்பு விழாவுக்கு இயக்குநர் மணி அடிப்பாரு, மெக்கானிக் ஓடி வரணும், போட்டோ எடுக்கணும். அதுக்கப்புறம் விருந்து. விருந்து நடுவுல எந்தப் பையனாவது மணியை அமுக்கி, மெக்கானிக் எண்ணெய்க் கையோட உள்ள ஓடி வந்து நின்னா அசிங்கம்னு சொன்னாங்க. அதனால ஒருமுறைன்னு போடச் சொன்னாங்க."

எனக்குப் புரிந்தது. அந்த நிரல்தொகுதியில் செவியை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று எப்போதும் இருக்கும். இன்னொன்று ஒருமுறை மட்டும்: முதல் அறிவிப்பைக் கேட்டதும் வேலையைச் செய்துவிட்டுத் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் எத்தனை மணி அடித்தாலும் காற்றோடு போகும். பிழைச்செய்திகூட வராது. ஏனென்றால் அது பிழையே இல்லை.

"விழா முடிஞ்சதும் மாத்தியிருக்கலாமேக்கா."

"மாத்தணும்னு அறிவிச்சேன். நன்றின்னு வந்துச்சு." அக்கா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். "அது ஒழுங்காத்தான் வேலை செய்யுதுடி. ஒரு தடவை கேக்கணும்னு எழுதினோம். ஒரு தடவை கேட்டுச்சு."

"இத்தனை வருஷமா மாட்டிக்கிட்டவங்கல்லாம்?"

"கடப்பாறை வெச்சிருக்காங்க. எங்க பிளாக்குல மாடிக்கு ஒண்ணு. நாங்களே நெம்பித் திறந்துக்குவோம்." பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "நீ எதுவும் கேட்டு வைக்காத. இன்னும் உன்னை நிரந்தரம் பண்ணல" என்றார்.

மாற்ற வேண்டியது ஒரே வார்த்தை. 'ஒருமுறை' என்பதை எடுத்துவிட்டு 'எப்போதும்' என்று போட வேண்டும். நான் மாற்றி வைத்துவிட்டேன். ஆனால் அது லிஃப்ட்டுகளைக் கவனிக்கிற நிஜமான கணினிக்குப் போக மேலிடத்தில் ஒருவர் சரி சொல்ல வேண்டும். சரி சொல்லச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. 'மாற்றம் ஒன்று காத்திருக்கிறது' என்று அறிவிக்கலாம். அறிவித்தேன். தினமும் காலையில் அறிவித்தேன். அம்மா தினமும் காலையில் அதே லிஃப்ட்டில் ஏறினாள்.

மாதாந்திரக் கூட்டம் வந்தது. அதில்தான் எழுந்து நின்று, முதலில் எழுதினேனே, அதைச் சொன்னேன். மணிச் சத்தம் யாருக்குப் போகிறது என்று காட்டுங்கள்.

"நல்ல கேள்விம்மா" என்றார் இயக்குநர். "தப்பான கேள்வி. ஆனா நல்லாக் கேட்டீங்க."

எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். அவர் எழுந்துகொண்டார். அவர் எழுந்தால் அது உரை.

"மறுபக்கம் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு துடிக்கிறது பழைய காலத்து வியாதி. யார் இருக்காங்கன்னு தெரிஞ்சா, இல்லாத இடத்துல யாரும் இல்லன்னும் தெரிஞ்சுடும். யாரும் இல்லன்னு தெரிஞ்சா, யாராவது இருக்கணுமேன்னு தோணும். அங்கதான் பொறுப்புங்கறது உள்ள நுழையும். பொறுப்பு வந்துட்டா அப்புறம் பிணைப்புதான். எத்தனை வருஷம் பாடுபட்டு இந்தக் கட்டடத்துலேருந்து நாம பொறுப்பை வெளியேத்தியிருக்கோம்! அதை ஒரே கேள்வியில திரும்பக் கூட்டிட்டு வரப் பாக்குறீங்களே?"

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிறாங்க சார்."

"மாட்டிக்கிட்டவங்களோட உரிமை என்ன? அறிவிக்கிறது. அந்த உரிமையில நாம என்னைக்காவது கை வெச்சிருக்கோமா? போன வருஷம் பச்சை விளக்கை இன்னும் பெரிசா மாத்தினோம். கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கும் நன்றி போய்ச் சேரணும்னு."

நிர்வாக அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அது மட்டுமில்லாம, லிஃப்ட்டுல மாட்டி யாராவது செத்ததா இதுவரைக்கும் எந்த அறிவிப்பும் வரல."

"வந்தா அதுக்கு யார் செவி வெச்சிருக்காங்க சார்?"

"அதான் சொன்னேனேம்மா. வரல."

நான் ஒரே வார்த்தைதான் என்றேன். 'ஒருமுறை' என்பதை 'எப்போதும்' என்று ஆக்கினால் போதும், எழுதி வைத்துவிட்டேன், இந்த அறையில் யாராவது ஒருவர் சரி என்று சொன்னால் இப்போதே போய்விடும் என்றேன்.

"எப்போதுமா?" இயக்குநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எப்போதும்னா எவ்வளவு பெரிய வார்த்தை தெரியுமா? எப்போதும் கேக்குறதுன்னா, எப்போதும் போகணும். ராத்திரி, மழை, ஞாயித்துக்கிழமை. ஒரு வாரியம் அப்படி வாக்குக் குடுக்கலாமா? ஒருமுறைங்கறதுல ஒரு கௌரவம் இருக்கு. செஞ்சோம், போட்டோ இருக்கு."

அக்கா தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

கூட்ட அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. வருகிற அறிவிப்புகளெல்லாம் அதில் வரி வரியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அப்போது அதில் ஒரு வரி வந்தது.

நாலாம் பிளாக். அழைப்பு மணி. அறிவிக்கப்பட்டது, நன்றி.

"பாத்தீங்களா!" இயக்குநர் திரையைக் காட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "சொன்ன மாதிரியே வந்துடுச்சு. யாரோ ஒருத்தர், யாருக்கோ. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. என்ன ஒரு நாகரிகம்!"

மறுபடி வந்தது. நாலாம் பிளாக். அழைப்பு மணி. மறுபடி. யாரோ கைதட்டினார்கள். அதற்கப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

"எவ்வளவு ஆர்வமா பயன்படுத்துறாங்க பாருங்க!" என்றார் நிர்வாக அதிகாரி.

அம்மா வேலை பார்க்கிற நேரம். அவளாக இருக்கலாம். ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவராக இருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த யாரோ ஒரு பிள்ளையாக இருக்கலாம். திரையில் பேர் இல்லை. பேர் தெரியாவிட்டாலும் போகலாம் என்பதற்குத்தானே மணி? அதைத்தானே காலேஜில் படித்து நான் சந்தோஷப்பட்டேன்?

வரிகள் வருவது நின்றது. வந்ததைவிட, நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் நோட்டையும் பேனாவையும் மேசையிலேயே விட்டுவிட்டுக் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? உரை முடியல."

"நாலாம் பிளாக்குக்கு சார்."

"நேராவா?" அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "யார் கூப்பிட்டாங்க உங்களை?"

"மணி அடிச்சாங்க. நான் கேட்டேன்."

"இது பிணைப்பு!"

"ஆமா சார்."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் நான் தாண்டிப் போகும்போது காலை இழுத்து வழி விட்டார்.

வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பூட்டே இல்லை. இத்தனை வருடத்தில் யாராவது எடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வெல்வெட்டிலிருந்து எடுத்தபோது, தூசிக்கு நடுவில் சாவி இருந்த இடம் மட்டும் அதே வடிவத்தில் சிவப்பாகத் தெரிந்தது. புகைப்படத்தில் இயக்குநர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கீழ்த்தளத்தில் ரேடியோ பாடவில்லை. மெக்கானிக் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் கேடயம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"அண்ணே, நாலாம் பிளாக். யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க."

"அறிவிப்பு வந்துச்சா?" என்றார், பழக்கத்தில்.

"நான் வந்திருக்கேன்."

என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அதை வாங்கி, முனையைச் சட்டையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போடாம வெச்சிருக்கானுங்க, பாவிங்க" என்றார். அடுத்த நிமிஷம் பெட்டி அவர் தோளில் இருந்தது.

"வேலை போயிடும்மா உனக்கு."

"விட்டாச்சுண்ணே."

"விட்டாச்சா? எப்போ? அறிவிச்சியா?"

"இல்ல."

அவர் அதை ஒரு கணம் யோசித்தார். கடைசி வரிசை வெள்ளைத் தலைக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அதுவும் சரிதான்" என்றார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. நான் வந்தது தெரிஞ்சா என்ன சொல்றது?"

"கூப்பிட்டாங்க, போனேன்னு சொல்லுங்க."

"ம். கேக்க நல்லாத்தான் இருக்கு." படியேறத் தொடங்கினார். நான் நினைத்ததைவிட வேகமாகவே ஏறினார்.

வாசலில் பெரிய கேட் மூடியிருந்தது. இயக்குநர் வந்தால்தான் திறக்கும். நாங்கள் பக்கத்தில் காவலாளி போய்வருகிற சின்ன இடுக்கு வழியாக, பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். காவலாளி எழுந்து நின்று, "எங்க, எங்க?" என்றான். அதற்கு நாங்கள் நிற்கவில்லை.

பையில் பம்பு இருக்கிறதா என்று நடந்துகொண்டே தடவிப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.